விலை சொல்லும்போது குரல் ஏன் இறங்குகிறது?

போன மாதம் நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) விலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலைக் கேள்விதான். ஓலை இழைப்பவர், தைப்பவர், மரவேலைக்காரர் எல்லோருக்கும் ஒரே நோவு. நான் கணக்குப் படித்தவள் அல்ல. பூநகரியில் பனையோலையோடு முப்பத்தைந்து வருடம் கிடந்தவள். அதில் இருபது வருடம் நட்டத்துக்கு விற்றவள். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: அக்கா, நான் எட்டு அங்குல மூடிப்பெட்டி இழைக்கிறேன், இரண்டு நிறச் சாயம் போட்டது. முல்லைத்தீவில் ஒரு கடைக்காரர் 600 ரூபாய்க்கு எடுத்து 1,200 ரூபாய்க்கு விற்கிறார். பத்துப் பெட்டி கொடுத்தால் 6,000 ரூபாய் கையில் வருகிறது, ஆனால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவர் என்னை ஏமாற்றுகிறாரா?
(ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்)

தங்கச்சி, கடைக்காரரை விடுங்கள். கடை வாடகை, கரண்ட் பில், நிற்கிற பெடியனின் சம்பளம், விற்காமல் தூசி பிடிக்கிற சாமான் எல்லாம் அவர் தலையில். கைவேலைக் கடைகளில் எடுத்த விலையை இரட்டிப்பாக்கி விற்பது புதினம் இல்லை. ஏமாந்த இடம் வேறு. 600 என்ற விலையை யார் சொன்னது? அவர் கேட்டார், நீங்கள் தலையாட்டினீர்கள். அப்படித்தானே?

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். அடுத்த பெட்டியைத் தொடங்கும்போது மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். நான் இதே அளவுப் பெட்டிக்கு எழுதிப் பார்த்த கணக்கு இது. ஓலையைக் கீறி வாராக்க 40 நிமிடம். சாயம் காய்ச்சி நனைத்து உலர்த்தியதில் ஒரு பெட்டியின் பங்கு 20 நிமிடம். அடியும் சுவரும் இழைக்க இரண்டரை மணித்தியாலம். மூடிக்கு ஒன்று. விளிம்பு மடித்துக் கட்டி, துருத்துகிற முனைகளைச் சத்தகத்தால் (ஓலை வெட்டும் சிறு கத்தியால்) நறுக்க அரை. மொத்தம் ஐந்து மணித்தியாலம்.

ஐந்து மணித்தியாலத்துக்கு என்ன கூலி? கச்சான் ஆயவோ களை பிடுங்கவோ போனால் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,600 ரூபாய் தருகிறார்கள் என்று வைப்போம். உங்கள் பக்கத்தில் எவ்வளவோ அதைப் போடுங்கள். (அதே வயலில் ஆணுக்கு ஏன் கூட என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 200. ஐந்து மணித்தியாலத்துக்கு 1,000. ஓலைக்கு 90, சாயத்துக்கும் விறகுக்கும் 50, கடைக்குக் கொண்டுபோன பஸ் காசில் பங்கு 40. ஆக 1,180. பத்துப் பெட்டியில் ஒன்று கோணிப்போகும், அல்லது சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அந்த ஒன்றை மற்ற ஒன்பதும் சுமக்கவேண்டும். அதற்குப் பத்து வீதம் போட்டால் 1,300 வந்து நிற்கும்.

இப்போது 600 ரூபாயைத் திருப்பிப் பாருங்கள். 180 ரூபாய் சாமானுக்கும் பஸ்ஸுக்கும் போனால் மிச்சம் 420. ஐந்தால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 84 ரூபாய். கச்சான் தோட்டத்தில் இதைச் சொன்னால் ஒருத்தியும் வரப்பில் இறங்கமாட்டாள். வீட்டுத் திண்ணையில் இருந்து செய்வதால் அது வேலையாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்துவிட்டார்கள். கணக்குப் பார்க்காவிட்டால் மட்டும் உழக்கு மிஞ்சிவிட்டதா?

நானும் உங்களைப் போலத்தான். 2010இல் மீளக்குடியேறி, தகரக் கொட்டிலுக்குள் இருந்து பெட்டி இழைத்து 150 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஏன் 150 என்று கேட்டால், இடம்பெயர முன்னம் பக்கத்து வீட்டு ஆச்சி அதே பெட்டியை 75க்குக் கொடுத்தா, நான் இரட்டிப்பாக்கினேன். அவ்வளவுதான் என் பொருளாதாரம். ஓலை எங்கள் வளவு ஓலை, ஆகவே சும்மா. வார்ந்து தந்தது மகள், ஆகவே சும்மா. சாயம் காய்ச்சியது சமைத்த அடுப்பின் தணலில், ஆகவே அதுவும் சும்மா. இத்தனை ‘சும்மா’வைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்குப் பகீர் என்றது. வளவு ஓலையென்றாலும் குருத்து வெட்ட ஏறுகிறவருக்குக் கூலி உண்டு. மகள் வார்ந்த நேரம் அவள் புத்தகம் படித்திருக்கவேண்டிய நேரம். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

‘1,300 கேட்டால் கடைக்காரர் எடுக்கமாட்டாரே’ என்பீர்கள். எடுக்கமாட்டார்தான். 1,200 ரூபாய்க்கு விற்கிற மனிதர் எப்படி எடுப்பார்? அவரிடம் இப்படிப் போங்கள்: ‘600 ரூபாய்க்குப் பெட்டி வேண்டுமென்றால் 600 ரூபாய்ப் பெட்டி தருகிறேன்.’ மூடி இல்லாதது, ஒரே நிறம், அகல வார். இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற பெட்டி. கூலி 400, சாமான் 120, சேதாரம் 50, ஏறக்குறைய 570. அதை 600க்குக் கொடுக்கலாம். மூடிப்பெட்டியையும் இரண்டு மூன்று கொண்டுபோய், அது 1,300 என்று சொல்லிப் பக்கத்தில் வையுங்கள். அது ஒரு மாதம் விற்காமல் கிடந்தாலும் பரவாயில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மற்றப் பெட்டி மலிவாகத் தெரியும்.

வாரின் அகலத்தைப் பற்றி ஒரு சொல், ஏனென்றால் இதில்தான் பலபேர் சறுக்குகிறார்கள். பெட்டி பெரிதானால் விலையைக் கூட்டுகிறோம், வார் மெல்லிதானால் கூட்டுவதில்லை. கால் அங்குல வாரைப் பாதியாக்கி அரைக்கால் அங்குலத்தில் இழைத்தால், நெடுக்கே இரட்டிப்பு வார், குறுக்கே இரட்டிப்பு வார். பின்னல் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் நாலு மடங்கு. கை அத்தனை தடவை தூக்கிப் போடவேண்டும். பெட்டி அதே அளவுதான், ஓலையும் அதே அளவுதான், வேலை மட்டும் எங்கேயோ போய்விடும். மெல்லிய வாரில் கேட்பவரிடம் இதை விரலால் எண்ணிக் காட்டுங்கள். நான் காட்டுவேன். பாதிப்பேர் ‘அகல வாரே போதும் அக்கா’ என்பார்கள். மீதிப்பேர் காசைத் தருவார்கள்.

*

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டில் இருந்து தைக்கிறேன். சாறிச் சட்டைக்குக் கையால் மணி வேலையும் செய்வேன். மச்சாளின் மகளுக்குக் கலியாணம், ஆறு சட்டை தைக்கவேண்டும். ‘எங்கட ஆக்கள்தானே, நூல்காசை மட்டும் எடு’ என்கிறா. மறுத்தால் உறவு போய்விடும். என்ன செய்யலாம்?

சொந்தக்காரரின் ‘நூல்காசு’ எனக்கும் தெரியும், தங்கச்சி. எனக்கு அது ‘ஓலைக்காசு’.

மறுக்கவேண்டாம், பில் எழுதுங்கள். சொந்தக்காரருக்கும் பில். ஒரு சட்டைக்குத் தையல் 1,500. மணி வேலை ஒன்பது மணித்தியாலம் என்றால், அது எல்லோருக்கும் வராத கைவேலை, ஆகவே கூலிக்காரக் கணக்கில் நிற்காமல் 300 வீதம் 2,700. நூல், மணி, ஊசி 600. ஆக 4,800. ஆறு சட்டைக்கு 28,800 என்று முதலில் முழுதாக எழுதுங்கள். அதன் கீழே ‘மகளுக்கு மாமியின் கலியாணப் பரிசு: மணமகளின் சட்டை’ என்று எழுதி 4,800ஐக் கழியுங்கள். 24,000 என்று அடிக்கோடு போட்டுக் கையில் கொடுங்கள்.

பாருங்கள், இப்போது நீங்கள் கொடுத்தது ஒரு பரிசு. 4,800 ரூபாய்ப் பரிசு. கலியாண வீட்டில் அதைச் சொல்லுவார்கள். நூல்காசை வாங்கிக்கொண்டு ஆறு சட்டையும் தைத்துக் கொடுத்திருந்தால் அதை யாரும் பரிசாக எண்ணப் போவதில்லை. ‘அவள் சும்மாதானே வீட்டில் இருக்கிறாள்’ என்பதோடு முடியும். ஏழாவது சட்டையும் வரும்.

இன்னொன்று. சொந்தக்காரர் எப்போதும் கடைசிக் கிழமையில்தான் துணியைக் கொண்டு வருவார்கள். மற்ற வாடிக்கைக்காரரின் வேலையைத் தள்ளிவைத்துத் தைத்தால் அந்தத் தள்ளிவைப்புக்கும் ஒரு விலை போடவேண்டும். கிழமைக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்: கலியாணத்துக்கு மூன்று கிழமை முன்னம் துணி வராவிட்டால் மணி வேலை இல்லை, வெறும் தையல்தான். இதைக் கோபமில்லாமல், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபடியே சொல்லலாம்.

*

கேள்வி: எனக்கு 67 வயது. கடகமும் சுளகும் செய்வேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்குக் கொண்டுபோனால் முன்பெல்லாம் விற்காமல் ஒன்றும் மிஞ்சாது. இப்போது பிளாஸ்டிக் கூடையின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். விலையைக் குறைப்பதா?
(முள்ளியவளை)

ஐயா, நீங்கள் எனக்கு மூத்தவர், கடகம் பொத்துவதில் என்னைவிட உங்களுக்குக் கூடத் தெரிந்திருக்கும். ஆகவே புத்தி சொல்வதாக நினைக்கவேண்டாம்.

பிளாஸ்டிக்கோடு விலையில் மோதினால் தோற்போம். மெசின் ஒன்றைத் தள்ளிவிடும் நேரத்தில் நீங்கள் மட்டையில் நார் உரித்தே முடித்திருக்கமாட்டீர்கள். மண் சுமக்க, எரு அள்ளக் கடகம் தேடுகிறவருக்கு இனிப் பிளாஸ்டிக்தான். அவரை விட்டுவிடுங்கள். அவரைப் பிடித்துவைக்க விலையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நாரின் விலைக்கே கடகத்தைக் கொடுக்கும் ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன், சில சாமானுக்கு எங்கள் கூலியைத் தருகிற விலை இந்தக் காலத்தில் கிடைக்காது. எனக்குப் பாய் அப்படி. ஆள் படுக்கிற பாய் ஒன்றுக்கு எனக்கு நாலு நாள் போகும். 1,600 வீதம் கூலி மட்டும் 6,400. அந்த விலைக்குப் பாய் வாங்க யாரும் வரவில்லை. 2,500க்குக் கேட்டார்கள். இரண்டு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு விற்பனைக்குப் பாய் இழைப்பதை நிறுத்தினேன். எனக்காக வருடத்துக்கு ஒன்று இழைத்து, அதில் நானே படுக்கிறேன்.

ஆனால் பொங்கல் அரிசி கொண்டுபோக, சீர்வரிசைப் பலகாரம் வைக்க, சுவாமி படத்துக்குப் பூ எடுக்க ஓலைப் பெட்டிதான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிளாஸ்டிக்கைப் பேச்சுக்கு இழுப்பார்களே தவிர வாங்கமாட்டார்கள். ஒரு சாண் கடகம், குட்டிச் சுளகு என்று இறக்கிப் பாருங்கள். நார் குறைவு, நேரம் குறைவு, தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். நீத்துப்பெட்டியையும் விடவேண்டாம். அதில் அவித்த பிட்டின் வாசம் அலுமினியக் குழலில் வராது என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் வருகிறவர்கள் என்னிடம் கூடுதலாகக் கேட்பது அதைத்தான். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் எனக்கு இரண்டாவது சந்தை கிடைத்தது. அதற்கு முன்னம் கிளிநொச்சிக்காரர் சொன்னதே விலை.

பொங்கல் கடையில் ஒன்றை மட்டும் செய்யவேண்டாம் ஐயா. கடைசி நேரத்தில், திருப்பித் தூக்கிப் போகப் பஞ்சிப்பட்டு அரைவிலைக்குத் தள்ளிவிடாதீர்கள். வாங்கினவர் அதை ஞாபகம் வைத்திருப்பார். அடுத்த வைகாசிக்கும் கடைசி நேரத்தில்தான் வருவார். கூடவே மச்சானையும் கூட்டிவருவார்.

*

கேள்வி: கொழும்பில் ஒரு கடை ‘சாமானை வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு’ என்கிறது. நம்பலாமா?

ஒருமுறை நம்பினேன். இருபது பெட்டி கொடுத்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு பதினாலு திரும்பி வந்தது, வெயில் படுகிற கண்ணாடிப் பக்கம் அடுக்கி வைத்ததால் சிவப்புச் சாயம் எல்லாம் வெளிறி, பழைய திருநீற்றுப் பெட்டி மாதிரி. விற்ற ஆறுக்கும் காசு வாங்க நான் போன் பண்ணிய செலவே ஒரு பெட்டிக் காசு.

இப்போது கொடுப்பதென்றால் இரண்டு பிரதியில் பட்டியல் எழுதி அவர்களின் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான். எத்தனை பெட்டி, என்ன விலை, எத்தனை நாளில் கணக்கு முடிப்பது, பழுதானால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கவேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் விடமாட்டேன். அப்புறம் ஒன்று, காசு கொடுத்து வாங்குகிற கடைக்குக் கொடுக்கும் அதே அடிவிலையை இவர்களுக்குக் கொடுக்காதீர்கள். காசைப் போட்டவர் நட்டத்துக்கும் நிற்கிறார். இவர்கள் உங்கள் காசில் கடை அலங்கரிக்கிறார்கள். விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

*

கேள்வி: மரச்செதுக்கு வேலை செய்கிறேன். முதிரையில் சுவாமி அறைக் கதவு ஒன்றுக்கு விலை சொல்லி ஒப்புக்கொண்டேன். வேலை தொடங்க முன்னம் மர விலை ஏறிவிட்டது, வீட்டுக்காரர் அன்னத்தை மாற்றி மயில் கேட்கிறார். சொன்ன சொல்லை மாற்றினால் மரியாதை போய்விடுமோ?
(மாங்குளம்)

தம்பி, மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது விறகு மட்டும். ஆனால் சொன்ன சொல்லில் மாட்டிய கதை என்னிடம் உண்டு.

2022 தை மாதம். ஒரு கலியாணத்துக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்க 300 குட்டிப் பெட்டி, ஒன்று 180 ரூபாய். வாயால் பேசி, முற்பணம் வாங்காமல் ஒப்புக்கொண்டேன். டொலர் அப்போது 200 ரூபாய் அளவில் இருந்தது. பங்குனியில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், வைகாசியில் டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போயிருந்தது. அது யாருக்கோ நடக்கிற விஷயம் என்று நினைத்தேன். சாயப் பக்கெட் வாங்கக் கடைக்குப் போனபோதுதான் அது என் அடுப்படிக்கும் வந்துவிட்டது தெரிந்தது. சாயம் இரண்டரை மடங்கு. பஸ் கட்டணம் ஏறி, ஏறி, இன்னும் ஏறி. பெற்றோல் இல்லாமல் ஓட்டோ இல்லை. பெட்டிகளைப் பரந்தன் வரைக்கும் உழவு மெசினில் ஏற்றிப் போனோம். 180 ரூபாயை மாற்றிக் கேட்க வாய் வரவில்லை, மரியாதை பார்த்தேன். கணக்கு முடித்தபோது ஒரு பெட்டிக்கு என் கூலி 20 ரூபாய். அந்த மரியாதைக்கு நான் கொடுத்த விலை அது.

அதன் பிறகு விலை சொல்லும்போதே திகதியும் சொல்கிறேன்: ‘இந்த விலை இரண்டு கிழமைக்கு. அதற்குள் அரைவாசிக் காசு தந்தால் விலை மாறாது. தராவிட்டால் திரும்பப் பேசுவோம்.’ வருகிற அரைவாசிக் காசில் அன்றே ஓலையும் சாயமும் வாங்கிவிடுவேன். பிறகு என்ன ஏறினாலும் அந்த வேலையைத் தொடாது. நீங்களும் முற்பணத்தில் அன்றே மரத்தை வாங்கிப் போட்டுவிடுங்கள். மரம் ஏற்ற வனவளத் திணைக்களத்தின் அனுமதிக்குப் போய் நின்ற நாளும் உங்கள் வேலை நாள்தான், அதையும் விலையில் போடுங்கள். யாரும் போடுவதில்லை.

இப்போதைய கதவுக்கு என்ன செய்வது? முற்பணம் வாங்கியிருந்தால் மர விலை ஏறியதை நீங்களே தாங்குங்கள், வாங்கி வைக்காதது உங்கள் பிழை. ஆனால் அன்னம் மயிலானது அவர் விருப்பம். அது புது வேலை. மயில் தோகையை நினைத்துப் பாருங்கள், ஒவ்வொரு கண்ணாகச் செதுக்கவேண்டும். கடதாசியில் வரைந்து காட்டி, இதற்கு இத்தனை நாள் கூட, இவ்வளவு காசு கூட என்று சொல்லுங்கள். சிலர் அன்னத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

*

கேள்வி: கனடாவில் இருக்கிற மாமி கோயில் விழாவில் கொடுக்க 50 பெட்டி கேட்கிறா. டொலரில் உழைக்கிறவர்கள்தானே, இரண்டு மடங்கு விலை சொல்லலாமா? பாவமா?
(விசுவமடு)

பாவமோ இல்லையோ, தேவை இல்லை. உங்கள் விலை சரியான விலையாக இருந்தால் மாமிக்கும் அதே விலை. சரியில்லாத விலைக்கு இங்கே விற்றுவிட்டு, அந்த நட்டத்தை மாமியின் தலையில் போட நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

ஆனால் மாமியின் ஓடரில் இங்கே இல்லாத செலவுகள் உண்டு, அவற்றை ஒளிக்காமல் தனியாக எழுதுங்கள். பெரியது கூரியர். அவர்கள் நிறுவையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் பிரித்து வருவதைக் கிலோவாக எடுப்பது வழக்கம். 40 சென்டிமீற்றர் சதுரக் காட்போட் பெட்டி ஒன்று 12.8 கிலோவாகிவிடும். உள்ளே இருப்பது இரண்டு கிலோ ஓலையும் மீதி பூநகரிக் காற்றும். காற்றுக்குக் கூரியர் கட்டுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு இல்லை. ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற மாதிரி ஐந்து அளவில், ஐந்தைந்தாகப் பத்துத் தொகுதி இழைத்தால் செலவு பெரிதாகக் குறையும். எல்லாம் ஒரே அளவில் வேண்டுமென்று மாமி நின்றால் அந்தப் பிடிவாதத்தின் கூரியர் விலையை முதலே சொல்லிவிடுங்கள்.

மாரி மழைக்குள் அனுப்பவேண்டாம். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் கட்டிவைத்த பொதிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட்டுக் கட்டுங்கள். அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் கவனம். ஓலை, மரம், வித்து என்றால் அங்கே கடுமையாகச் சோதிப்பார்கள், முதலில் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

முழுக்காசும் கைக்கு வந்த பிறகு பொதியைக் கட்டுங்கள். மாமியாக இருந்தாலும்.

*

கேள்வி: ஒரே பெட்டிக்கு ஆளைப் பார்த்து ஆளுக்கொரு விலை சொல்கிறேன். தவறா?

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வரைக்கும் தவறில்லை.

*

கேள்வி: கணக்கெல்லாம் போட்டுச் சரியான விலையோடுதான் நிற்கிறேன் அக்கா. ஆனால் விலையைச் சொன்னதும் எதிரில் நிற்பவரின் முகம் மாறினால் என் குரல் இறங்கிவிடுகிறது. அவர் கேட்க முன்னமே நானே 200 ரூபாய் குறைத்துவிடுகிறேன். இதற்கு என்ன மருந்து?
(பூநகரியில் இருந்தே ஒருத்தி)

ஊர்க்காரி, உன்னை எனக்குத் தெரிந்திருக்கும், பெயர் போடாமல் விட்டாய்.

எனக்கு மருந்து ஈர்க்குத்தான். விலையைச் சொன்ன அடுத்த நொடியில் ஓர் ஈர்க்கை எடுத்துப் பல்லிடையில் கடித்துக்கொண்டு, இழைத்துக்கொண்டிருக்கும் பெட்டியைக் குனிந்து பார்ப்பேன். ஈர்க்கு வாயில் இருந்தால் பேச வராது. மகள் ஒவ்வொரு பெட்டியிலும் மட்டைத்துண்டில் விலை எழுதி நூலால் கட்டிவிட்டாள், அதுவும் உதவி. எழுதிய விலையை நான் சொல்லத் தேவையில்லை, அவர்களே வாசித்துக்கொள்வார்கள்.

போன ஆவணியில் ஒரு பெண் வந்து 1,300 ரூபாய் மூடிப்பெட்டியைத் தூக்கினா. மட்டையை வாசித்தா. முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் பேசவில்லை. எனக்கு நெஞ்சு அடித்தது, ஈர்க்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திருப்பினா, மூடியைத் திறந்தா, மூடினா. மேலே பார்த்தா. 1,100 என்று சொல்ல நான் ஈர்க்கைத் துப்பப் போன நேரம், ‘இதே நிறத்தில் நாலு இருக்குமோ?’ என்றா. மருமக்கள் எத்தனை பேர் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறா.

மூன்றுதான் இருந்தது. நாலாவதைப் பத்து நாளில் இழைத்துப் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன், பஸ் காசு அவவின் கணக்கில்.

சாயம் கழன்று போவதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.